தெருவின் டிவி எங்கள் சுவிட்சில்

துர்காஷ்டமி அன்று பிற்பகல் கேபிள்காரர் எங்கள் வீட்டுக்குப் புதுப் பெட்டியைக் கொண்டுவந்தார். டிவிக்குப் பக்கத்தில் வைத்து அதன் வழியாகப் படம் வரவழைக்கிற செட்-டாப் பாக்ஸ். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பழவங்காடிக் கோயிலைத் தாண்டி உள்ளே திரும்புகிற எங்கள் சந்தில் அப்போது வேறு யார் வீட்டிலும் அது இல்லை.

எங்களுக்கு முதலில் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சந்திலுள்ள பன்னிரண்டு வீடுகளுக்கும் படத்தைத் தள்ளிக்கொடுக்கிற ஆம்ப்ளிபயர் எங்கள் வீட்டுப் பின்சுவரில், ஓட்டுக்குக் கீழே, ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குக் கறண்ட் எங்கள் வீட்டிலிருந்து போனது. ஜன்னல் வழியாக ஒரு வயர் உள்ளே வந்து சுவிட்சு போர்டில் சொருகியிருக்கும். அதற்குப் பதிலாகக் கேபிள்காரர் எங்களிடம் மாசச் சந்தா வாங்கமாட்டார். யாராவது தெரியாமல் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டால் சந்து முழுக்க டிவி நின்றுபோகும். அதனால் அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டிவைத்திருந்தாள். பொட்டு வைத்த சுவிட்சை நாங்கள் யாரும் தொடுவதில்லை.

அப்பா ஜங்ஷனில் ஒரு ஓட்டலில் டீ போட்டார். அம்மா தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கினாள். தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. நான் கல்லூரியில் காமர்ஸ் இரண்டாம் வருஷம். எங்கள் சொந்தத்தில் அவ்வளவு தூரம் போன முதல் ஆள். சந்தில் எந்த வீட்டுக்குத் தபால் வந்தாலும், மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தாலும், என்னிடம் வருவார்கள். காமர்ஸ் படிக்கிறவனுக்கு மருந்து எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. தெரியாது என்று நானும் சொன்னதில்லை.

கேபிள்காரர் அன்று பரபரப்பாக இருந்தார். தகரப் பெட்டியில் பழைய ஆம்ப்ளிபயரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தபோதே தூறல் விழுந்தது. ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய் ஆயுதங்களைப் பூஜைக்கு வைக்கவேண்டும். ஏணியை மடக்கிக்கொண்டே, பெட்டியையும் அதன் புத்தகத்தையும் என் கையில் கொடுத்து, படித்த பையன்தானே, புத்தகத்தைப் பார்த்து நீயே மாட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் ஆங்கிலத்தில் வாசித்து, பள்ளிக்கூடத்து மலையாளத்தில் யோசித்து, தமிழில் சொன்னேன். முதல் பக்கங்கள் முழுக்கவும் கூடாது, கூடாது என்றே இருந்தன. பெட்டியின்மேல் துணி மூடக்கூடாது. அம்மா தான் பூவேலை செய்து வைத்திருந்த துணியை எடுத்து மடித்தாள். பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். அப்பாவின் பழைய மருந்து டப்பாக்கள் அலமாரியிலிருந்து இறங்கின. தண்ணீர் உள்ள பாத்திரத்தை மேலே வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் பூச்செடி தண்ணீர் இல்லாததுதானே என்று ஒருவர் கேட்டார். எதற்கும் வேண்டாம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வயரைத் திருகி, பிளக்கைச் சொருகி, படம் வந்ததும் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். புத்தகத்தில் பாதிதான் முடிந்திருந்தது. அந்த நேரத்தில் அம்மா குளித்து ஈரத்தலையோடு விளக்கை ஏற்றிவிட்டு என் புத்தகங்களைப் பூஜைக்கு அடுக்கத் தொடங்கினாள். கடைசியில் என் கையிலிருந்ததையும் கேட்டாள். இது பெட்டியோட புக்குமா என்றேன். அதிலயும் எழுத்துதானே இருக்கு என்றாள். கொடுத்துவிட்டேன். படம் வந்துவிட்டபிறகு மீதியை யார் வாசிப்பார்கள் என்ற சோம்பலும் அதில் இருந்தது.

அஷ்டமி சாயங்காலம் வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒரு எழுத்தும் வாசிக்கக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். அம்மாவின் ஊரில் இவ்வளவு கடுமை கிடையாது. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் டீச்சர் சொன்னதைக் கேட்டுவந்து பிடித்துக்கொண்டாள். பிறகு டீச்சரைவிடக் கண்டிப்பாகிவிட்டாள். அந்த இரண்டு நாட்களில் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக்கூடப் பார்க்காமல் நான் கண்ணை இறுக்கிக்கொண்டு நின்ற வயசு உண்டு.

மறுநாள் நவமி. காலையில் அம்மா டிவி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு காய்ந்த துண்டைச் சுற்றியிருந்தாள். ஈரத்துணியால் துடைக்கிறவள் ஏன் இப்படி என்று கேட்டேன். மறுபடி கேட்டதும் தாழ்ந்த குரலில், "லேசா சுருக்குங்குதுய்யா. எறும்பு கடிச்ச மாதிரி" என்றாள். நேற்று ராத்திரியே தெரிந்திருக்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் நான் மாட்டிய பெட்டி. அதைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

பெட்டியின் பின்னால் கேபிளைத் திருகிய இடத்தைப் புறங்கையால் தொட்டேன். மணிக்கட்டுவரை ஒரு நடுக்கம் ஏறியது. நான் எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். பிளக்கை உருவினேன். கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வெறும் தரையில் போட்டேன். பிறகு அதன் முனையை மட்டும் விரல் நகத்தின் ஓரத்தால் தொட்டேன். அது இன்னும் கடித்தது.

அப்போதுதான் பயம் பிடித்தது. பெட்டி அணைந்திருக்கிறது, டிவி அணைந்திருக்கிறது, கேபிளில் கறண்ட் இருக்கிறது. அந்தக் கேபிள் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் போகிறது.

பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் இருந்தார். அவருடைய பெண் குழந்தை அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. டிவியை இடம் மாற்றியதிலிருந்து அவர்கள் வீட்டில் பழைய கேபிளின் முனை ஒன்று ஜன்னலுக்குக் கீழே சும்மா தொங்கியது. பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றுவரை அது என் கண்ணில் ஒரு பொருளாகவே பட்டதில்லை.

ஓடினேன். குழந்தை ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றது. மறு கை வாயில். கேபிளின் முனை அதன் முழங்கைக்குப் பக்கத்தில் ஆடியது. நான் தோளில் கிடந்த துண்டால் அதைப் பிடித்து ஜன்னலின் உச்சியில் கட்டினேன். அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த அண்ணனின் மனைவி, எங்கள் சேச்சி, சிரித்தாள்.

"எந்தா மோனே, பாம்பைப் பிடிக்கிற மாதிரி பிடிக்குந்நு?"

கேபிளில் கறண்ட் இருக்கிறது, தொடவேண்டாம், குழந்தையை இந்தப் பக்கம் விடவேண்டாம் என்றேன். சரி, அண்ணன் வரட்டும், சொல்லலாம் என்று சிரிப்பு மாறாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

கேபிள்காரர் வீடு இரண்டு தெரு தள்ளி. முன்னறையில் வாழையிலை விரித்து அதன்மேல் கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு இருந்தன. ஏணியை உள்ளே கொண்டுவர முடியாததால் வாசலில் சாய்த்து அதற்கும் மாலை போட்டிருந்தார். வெள்ளை வேட்டியில் அவர் வேறு யாரோபோலத் தெரிந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அதொக்கெ கொஞ்சம் உண்டாவும்டே" என்றார். "கேபிளல்லே. எறும்பு கடிச்சாப்புல இருந்தா பேடிக்கண்டா."

"பாக்ஸைக் கழட்டிட்டும் கடிக்குது சேட்டா."

அவர் இலையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். "நாளை ராவிலே பூஜையெடுத்துட்டு ஆத்யம் உன் வீடுதான். பூஜைக்கு வச்சதல்லே, இன்னு இதில கை வைக்கான் பற்றில்ல. ஆம்ப்ளிபயரை மட்டும் ஓஃப் ஆக்கிடாதே கேட்டோ. மூணு மணிக்குப் புதிய சினிமா உண்டு, ஆளுங்க என்னைக் கொல்லும்." படியிறங்கும்போது கேட்டார்: "புக்கில எந்து எழுதியிருக்கு? நீ வாயிச்சில்லே?"

திரும்பி நடக்கும்போது அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. இருபது வருஷத் தொழில்காரர், பயப்படாதே என்கிறார். காமர்ஸ் படிக்கிற நான் பயப்படுகிறேன். புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரி இருந்தால் போதும். அதைக் காட்டி யாரிடமும் பேசலாம். நான் வாசிக்காத பாதியில் அது இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன்.

அம்மாவிடம் புத்தகத்தைக் கேட்டேன். முடியாது என்றாள். இது பாடப்புத்தகம் இல்லைம்மா, கடைக்காரன் அச்சடிச்ச தாள் என்றேன். பாடமோ என்னமோ, வைத்தாயிற்று என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் பூஜைக்கு முன்னால் போய்க் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"அஞ்சு மாசத்துல பரிச்சை வருது உனக்கு. எங்க ரெண்டு பேருக்கும் வராத எழுத்துய்யா இது. எடுத்துட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டப் போய் நிக்க?"

நான் அங்கேயே நின்றேன். வெளியே கிழக்கே பொன்முடி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. துலா மாதத்து மழை, நம் ஐப்பசி மழை. மத்தியானம் திரண்டால் மூன்று, நாலு மணிக்கு விழும். விழுந்தால் பின்சுவர் நனையும். தகரப் பெட்டியும் நனையும்.

அம்மா கொஞ்சநேரம் கழித்துக் கேட்டாள்: "தொட்டா கடிக்குதுன்னா அணைக்க வேண்டியதுதானே. அதுக்கு என்னத்துக்குப் புக்கு?"

அணைத்தால் சந்தே வந்து சத்தம் போடும் என்றேன். "போட்டா நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

பொட்டு ஒட்டிய சுவிட்சை அணைத்தேன். அதோடு நிற்காமல் பிளக்கையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சநேரம் இருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் வந்துகொண்டிருந்த விளம்பரச் சத்தம் ஒரே நொடியில் நின்றது. சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரும் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நான்தான் சொன்னேன், மலையாளத்தில், முடிந்தவரை மரியாதையாக. கேபிள்காரர் என்ன சொன்னார் என்று வீட்டுக்காரர் கேட்டார். பயப்படவேண்டாம் என்று சொன்னார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அது பெரிய தப்பாகிவிட்டது. அப்புறம் நீ யார் என்று நாலுபக்கத்திலிருந்தும் கேட்டார்கள். வாடகைக்கு இருக்கிற பாண்டியின் கையிலா நம் டிவி இருக்கிறது என்று பின்னாலிருந்து ஒரு குரல்; தமிழர்களை இங்கே ஏளனமாக அப்படித்தான் சொல்வார்கள். ஒருவர் செல்போனில் கேபிள்காரரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஓன் ஆக்கச் சொல்லித்தான் பதில் வந்தது.

ஆட்டோ அண்ணன் முன்னால் வந்தார். சவாரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. முற்றத்தில் நேற்றைய மழை ஈரம், எல்லோரும் மிதித்து எங்கள் தரையும் நனைந்திருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றார்.

"நீ ஓன் ஆக்கு. ஞான் தொட்டு நோக்கட்டே" என்றார். "ஷாக் அடிச்சா நீ ஜெயிச்சு. இல்லெங்கில் நமக்கு சினிமா காணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அது நியாயமான பேச்சாகவே எல்லோருக்கும் பட்டது. கறண்ட் இல்லாத கேபிளை வைத்துக்கொண்டு அதில் கறண்ட் இருந்தது என்று நான் எப்படிக் காட்டுவது? காட்டவேண்டுமானால் போடவேண்டும். போட்டால் இந்த மனிதர் ஈரத்தில் நின்றுகொண்டு பிடிப்பார். என் கைக்கு நடுக்கமாக வந்தது, இவர் இறுக்கிப் பிடித்தால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு வந்தால் ஆபத்து என்றும் தெரியாது. தெரியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

வேண்டாம் அண்ணா என்றேன். போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.

"படிச்சு படிச்சு பையனுக்குப் பேடி கூடிப்போச்சு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த பிளக்குக்குக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பெரியவர்களைக் கைநீட்டிப் பிடித்து எனக்குப் பழக்கமில்லை.

"அண்ணா, காலைல உங்க பாப்பா அந்தப் பழைய வயர் முனைக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தா. வாயில கைய வச்சுக்கிட்டு. நான்தான் மேல தூக்கிக் கட்டுனேன். சேச்சிகிட்டக் கேளுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். சேச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். காலையில் இருந்த சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார். "சினிமா போச்சு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். வீட்டுக்காரர் மட்டும், உன் அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். பேசவும் செய்தார். ஓட்டலிலிருந்து வந்த அப்பா சாப்பிட்டு முடித்து, நாளைக்கு அந்த ஆள் நிச்சயம் வருவானா என்று மட்டும் கேட்டார்.

மழை விழுந்தது. நான் தூங்கவில்லை. ஒருவேளை கேபிள்காரர் சொன்னதுபோல அது எப்போதும் இருக்கிற கொஞ்சம் கறண்ட்தானோ? பன்னிரண்டு வீட்டுக் கொண்டாட்டத்தையும் ஒரு எறும்புக் கடிக்காகக் கெடுத்துவிட்டேனோ? அப்படியானால் நாளை அப்பா எப்படி இந்தச் சந்தில் நடப்பார்? தகரப் பெட்டிக்குள் ஏதாவது பெரிய கோளாறு இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டோம் என்று புரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக ஆபத்தை வேண்டுகிற ஆளாக நான் ஆகியிருந்தேன்.

விஜயதசமி விடிந்ததும் அம்மா பூஜையை எடுத்தாள். முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் வாங்கிப் பிரித்தேன். மீதிப் பக்கங்களில் நான் தேடியது இரண்டே வரியாக இருந்தது: தொடும்போது அதிர்ச்சி தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கவும், பயிற்சி பெற்றவரை அழைக்கவும். ஆம்ப்ளிபயரைப் பற்றியோ, ஒரு வீட்டின் சுவிட்சில் ஓடுகிற பன்னிரண்டு வீட்டைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. எழுதியவருக்கு எங்கள் சந்து தெரிந்திருக்க வழியில்லை.

கேபிள்காரர் சொன்னபடி முதலில் எங்கள் வீட்டுக்கே வந்தார். டெஸ்டரில் சந்தனம் காய்ந்திருந்தது. ஏணியில் ஏறித் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் நின்றது. அஷ்டமி அன்று அவசரத்தில் மூடியபோது மூடியின் ஓரம் வயரைக் கடித்திருக்கிறது. தோல் கிழிந்து செம்பு தகரத்தில் சாய்ந்து கிடந்தது. அந்தத் தகரம் வழியாகத்தான் கறண்ட் கேபிளுக்கு வந்திருக்கிறது. அவர் என்னைச் சுவிட்சைப் போடச் சொன்னார். சேட்டா, இறங்கிவந்து செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் இறங்கிப் போட்டுக்கொண்டு ஏறினார். கேபிளின் திருகில் டெஸ்டரை வைத்ததும் அதற்குள்ளிருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. உடனே அணைத்தேன்.

ஏணியின் உச்சியிலிருந்தே அவர், இந்த வீடுகளில் எர்த்தும் இல்லை, அதனால்தான் ஃபியூஸ் போகவில்லை என்று மெல்லச் சொன்னார். இறங்கியபிறகு, மூடி விஷயத்தை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். வயர் தேய்ந்துவிட்டது என்று சந்தில் சொன்னேன். அது பொய் என்று சொல்லமுடியாது. முழு உண்மையும் இல்லை. புது வயரும் ரப்பர் வளையமும் போட்டு, மூடியைச் சரியாக மூடினார். எர்த்துக்கு ஒரு கம்பி இறக்கித் தருகிறேன் என்றவர் அதை மட்டும் இரண்டு வாரம் கழித்துச் செய்தார். நான் தினமும் போய் நினைவுபடுத்தவேண்டியிருந்தது.

பத்து மணிக்கு டிவி வந்தது. நன்றி என்று யாரும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தன் வீட்டிலும் சுருக்கென்று இருந்தது, சொல்லத் தோன்றவில்லை என்று மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஆட்டோ அண்ணன் வாசலில் வந்து நின்றார். ஒந்நு வா என்று மட்டும் சொன்னார். போனேன். அடுக்களை மேடையில் மிக்சியைக் காட்டினார். அதை ஓட்டுவதற்கு முன் சேச்சி மேடைக்கு அடியில் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். இன்று சட்னி அரைக்கும்போதுதான் அதை அவர் கவனித்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, செருப்பில்லாமல் தொட்டால் கடிக்கும் என்றாளாம்.

"எத்ர நாளாயிட்டு?" என்று எனக்கு முன்னால் அவளிடம் மறுபடி கேட்டார்.

"ரெண்டு வருஷமாயிட்டு. இதொக்கெ ஒரு காரியமாச் சொல்லணுமோ?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் பிளக்கை உருவிவிட்டார். உருவிவிட்டு என்னைப் பார்த்தார். இனி என்ன செய்யவேண்டும் என்பதுபோல.

எனக்குத் தெரியாது அண்ணா என்றேன். அந்தச் சந்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தெரிந்தவர் யாரிடமாவது காட்டவேண்டும், அதுவரை தொடாமல் இருந்தால் போதும் என்றேன். அவர் ஏமாற்றமடைந்தாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் வயரை மிக்சியைச் சுற்றிக் கட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு, வெளியே நின்ற ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தார். ரிப்பேர் கடை மூடுவதற்குள் போய்விடலாம், நீயும் ஏறு என்றார்.